மணநாளில் எடுத்த உறுதி
ஜாம்கேட் மருத்துவத் தம்பதியர் நினைவாக

நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் படிப்பதற்கென்றே ஒரு மருத்துவமனை வெளியிடும் இதழில், “இங்கு வருவோரில் பலர் வரவேண்டிய தேவையே எழாதிருந்திருக்கலாம்” என்று எழுதுவது விந்தையாகத் தோன்றும். ஆயினும் இம்முறை நாம் நினைவுகூர எடுத்துக்கொண்ட கணவனும் மனைவியும், இருவரும் மருத்துவர்கள், தம் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தது ஏறத்தாழ இதுதான். சொன்னதோடு நில்லாமல், மழை பொய்க்கும் ஒரு வறண்ட வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகள் செய்தும் காட்டினார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது எம்மையும் சற்றே கேள்விக்கு உட்படுத்திக்கொள்ளாமல் எழுத இயலாது. வாசகர்கள் அதைப் பொறுத்தருள்வீர்கள் என்று நம்புகிறோம்.

மருத்துவர் ரஜினிகாந்த் ஆரோளே, மருத்துவர் மேபல் ஆரோளே என்பன அவர்களின் பெயர்கள். முதற்பெயரைக் கேட்டதும் நம்மவர்க்கு வேறொருவர் நினைவுக்கு வருவது இயல்பே. இவரோ மகாராட்டிர மாநிலத்தின் அகமதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ராகுரி என்னும் ஊரில் 1934-ஆம் ஆண்டு ஆசிரியர் குடும்பமொன்றில் பிறந்தவர். அம்மாவட்டம் இப்போது அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ளது. மேபல் நடு இந்தியாவின் ஜபல்பூர் நகரில் ஒரு பேராசிரியரின் மகளாக வளர்ந்தவர். மராத்திய நாட்டுச் சிற்றூர் இளைஞரும் ஜபல்பூர் நங்கையும் சந்தித்துக்கொண்ட இடம் நம் தமிழகம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருவரும் ஒன்றாகப் படித்தார்கள்.

வேலூர் என்றதும் அக்கல்லூரியின் தோற்றக் கதையையும் நினையாதிருக்க முடியாது. மகப்பேற்றில் துடித்துக்கொண்டிருந்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் ஒரே இரவில் வந்து உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை. மருத்துவம் படியாத இளம்பெண்ணாயிருந்த ஐடா ஸ்கடரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. விடிவதற்குள் மூவரும் இறந்தார்கள். அந்த இரவே அவரை மருத்துவராக்கியது. பின்னாளில் அவர் வேலூரில் மருத்துவமனை கட்டியதோடு அமையாமல், வண்டி கட்டிக்கொண்டு சாலையோர மரத்தடிகளில் நோயாளிகளைத் தேடிச் சென்றார். மருத்துவமனைக்கு வர இயலாதவர் எத்தனை பேர் என்னும் கேள்வி அக்கல்லூரியின் பிறப்பிலேயே இருந்தது. அதே கேள்வியைத்தான் ஆரோளே தம்பதியரும் தம் வாழ்வு முழுதும் சுமந்து சென்றார்கள் என்பது எமது எண்ணம்.

ஐடா ஸ்கடர் மறைந்த ஆண்டு 1960. அதே ஆண்டில் ரஜினிகாந்துக்கும் மேபலுக்கும் திருமணம் நடந்தது. மணநாளன்று இருவரும் தமக்குள் ஓர் உறுதி எடுத்துக்கொண்டார்கள். தங்கள் கல்வியையும் உழைப்பையும் சிற்றூர்களில் வாழும் ஏழை எளியோர்க்கே அளிப்பது என்பது அவ்வுறுதி. மணமேடையில் எடுக்கும் உறுதிகள் பலவும் மாலை வாடுமுன் மறந்துபோவதை நாம் அறிவோம். இவ்வுறுதி 39 ஆண்டுகள் இருவராலும், அதன்பின் 12 ஆண்டுகள் தனித்து நின்ற ஒருவராலும் காக்கப்பட்டது.

முதலில் அவர்கள் சென்றது வடாளா என்னும் ஊரிலிருந்த சிறிய மருத்துவமனைக்கு. 1962 முதல் 1966 வரை அங்குப் பணியாற்றினார்கள். கணவர் அறுவை மருத்துவம் செய்தார். மனைவி மகளிரையும் குழந்தைகளையும் பார்த்தார். கூட்டம் பெருகியது, பெயரும் பெருகியது. வேறெவராயினும் இதனை வெற்றி என்றே எழுதி வைத்திருப்பார்கள். இவர்களுக்கோ உறுத்தல் தொடங்கியது. வயிற்றுப்போக்கால் வாடி வந்த குழந்தையைத் தேற்றி அனுப்புவார்கள். சில வாரங்களில் அதே குழந்தை அதே நோயோடு மீண்டும் வரும். குணமாகிச் சென்றவர் திரும்பியது அதே கலங்கல் நீருக்கும் அதே அரைவயிற்று உணவுக்கும்தானே! கணக்கிட்டுப் பார்த்தபோது, தம்மிடம் வந்த நோய்களுள் நூற்றுக்கு எழுபது வரையில் வராமலே தடுத்திருக்கக் கூடியவை என்று தெரிந்தது. மருத்துவமனைக்குள் எத்தனை பேர் நலம் பெற்றாலும், அதன் மதிலுக்கு வெளியே இருந்த ஊர்கள் இம்மியும் மாறவில்லை.

இது எளிதில் விழுங்கக்கூடிய உண்மையன்று. இரவு பகலாக உழைத்த ஒருவர், ‘என் உழைப்பு தவறான இடத்தில் செலவாகிறது’ என்று ஒப்புக்கொள்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே துறையினராயிருந்தது இங்கே கைகொடுத்திருக்க வேண்டும். பகலெல்லாம் நோயாளிகளோடு போராடிவிட்டு இரவில் ஒருவரையொருவர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள ஒரு துணை இருந்தது.

உதவித்தொகை பெற்று இருவரும் அமெரிக்கா சென்றார்கள். கிளீவ்லாந்து நகரில் மேற்பயிற்சி பெற்றார்கள். பின்பு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்றார்கள். அக்காலத்தில் அங்கு மருத்துவம் பயின்ற நம் நாட்டவருள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. இவர்கள் 1970-இல் தாயகம் திரும்பினார்கள், கையில் ஒரு திட்டத்தோடு.

அழைத்தால் வருவோம்

அத்திட்டத்தின் முதல் நிபந்தனை வேடிக்கையானது. மக்கள் தாமே அழைக்காத ஊருக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். மும்பைக்குக் கிழக்கே ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடந்த ஜாம்கேட் என்னும் ஊரின் பெரியவர்கள் அவர்களை அழைத்தார்கள். கைவிடப்பட்டுக் கிடந்த பழைய கால்நடை மருந்தகக் கட்டடமொன்று மருத்துவமனைக்காகக் கிடைத்தது. மாடுகளுக்கு மருத்துவம் பார்த்த இடத்தில் மனிதர்க்கு மருத்துவம் தொடங்கியது.

எடுத்த எடுப்பில் ‘கொதிக்க வைத்த நீரைக் குடியுங்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அவர்கள் அறிவுரை கூறவில்லை. கேட்டவர்க்கு முதலில் நோய் தீர்த்தார்கள். அதனால் நம்பிக்கை பிறந்தது. பிறகு, “உங்களுக்கு இப்போது மிகவும் தேவையானது எது?” என்று ஊராரைக் கேட்டார்கள். மருத்துவம் என்று எவரும் கூறவில்லை. சோறும் தண்ணீரும் என்றே விடை வந்தது. 1970-களின் தொடக்கத்தில் மகாராட்டிரத்தைக் கொடிய வறட்சி வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே இரண்டு மருத்துவர்களும் உணவுக்கும் நீருக்கும் வழி தேடினார்கள். உழவர்கள் தம் நிலத்தில் விளைத்துக் கொடுக்க, குழந்தைகளுக்காகப் பொதுச் சமையற்கூடங்கள் ஊர்தோறும் எழுந்தன.

தண்ணீர் வந்த விதம் தனியே சொல்லத்தக்கது. ஊர்க்கிணற்றில் நீரெடுக்கத் தலித் மக்களுக்கு உரிமையில்லாதிருந்த ஊர்கள் அவை. குழாய்க் கிணறு தோண்ட வாய்ப்பு வந்தபோது, அவை தலித் குடியிருப்புகளில் அமையுமாறு தம்பதியர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுவோர், எக்குலத்தவராயினும், அங்கே நடந்து வர வேண்டியதாயிற்று, வந்தார்கள். தாகத்துக்கு முன் தீட்டு நெடுநாள் நிற்கவில்லை. மேடையேறிச் சாதி ஒழிப்புப் பேசியிருந்தால் மறுநாளே ஊரைவிட்டு அனுப்பியிருப்பார்கள். அதேபோல், ஆடவரை ஒன்றுசேர்க்கக் கைப்பந்து ஆட்டம் தொடங்கினார்கள். பந்தை எதிர்நோக்கி நிற்கையில் பக்கத்தில் நிற்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க நேரமேது? ஆடி முடித்து அமர்ந்து பேசியவர்களே பின்னர் உழவர் மன்றங்களாயினர், மண் அரிப்பைத் தடுக்க வரப்பு கட்டினர், மரம் நட்டனர்.

எழுத்தறியாதவர் கையில் மருத்துவம்

ஊர்களுக்குச் செவிலியரை அனுப்பித் தங்கச் செய்வதென்பது முதல் ஏற்பாடு. அது தோற்றது. பயிற்சி பெற்ற இளம் செவிலியர் அறிமுகமில்லாத சிற்றூரில் தனியே தங்க அஞ்சினர். ஊர்ப் பெண்களோ வெளியூர்ப் பெண்ணின் சொல்லை ஏற்கத் தயங்கினர். இந்நிலையில் ஊர்த்தலைவர் ஒருவர் கேட்டாராம், எங்கள் ஊர்ப் பெண்ணுக்கே இதைக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று. அந்த எளிய கேள்வியில் இருந்து பிறந்ததே ஜாம்கேட்டின் பெரும்புகழுக்குக் காரணமான ஊர்நலப் பணியாளர் முறை.

ஊராரே தேர்ந்தெடுத்து அனுப்பிய அப்பெண்கள் யார் என்று பார்த்தால் வியப்பு மேலிடும். பெரும்பாலோர் எழுத்தறியாதவர், பலர் தலித் சமூகத்தவர், கணவனால் கைவிடப்பட்டவர் சிலர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து தங்கிக் கற்றுச் சென்றார்கள். வெவ்வேறு குலத்தவர் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்டு ஒரே கூரையின்கீழ் உறங்கினார்கள். அந்நாளில் அதுவே பெரும் பாடம். மருந்தின் பெயர்களுக்கு முன்னதாக அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டது தன்னம்பிக்கை. நான்கு பேர் நடுவில் நிமிர்ந்து அமரவும் தம் கருத்தை உரக்கச் சொல்லவும் பழகினார்கள். இப்பயிற்சியின் உயிர்நாடி மேபல் அம்மையார். தேர்வு இல்லை, தேர்ச்சி மதிப்பெண் இல்லை. இவ்வாரம் கற்றதை ஊரில் செய்து பார்த்து, அடுத்த வாரம் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆண்டுகள் பல கடந்தும் இக்கல்வி முடியவில்லை; முடிய வேண்டிய ஒன்றாக அவர்கள் அதனைக் கருதவுமில்லை.

அப்பெண்கள் எதிர்கொண்ட பழக்கங்களைப் படிக்கும்போது நமக்கு அவை அயலூர்ச் செய்தியாகத் தோன்றுவதில்லை. கருவுற்றவள் நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்று அரைவயிறு உண்ணச் செய்வது. ஈன்றதும் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சி எறிவது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்துவது. மெலிந்து சுருங்கிய குழந்தையைத் தெய்வக் குற்றம் என்று கைவிடுவது. நம் பாட்டிமார் காலத்தில் இவை நம் தெருக்களிலும் இருந்தன. முற்றும் ஒழிந்துவிட்டன என்று எம்மால் உறுதி கூற இயலாது. உச்சிக்குழி விழுந்த குழந்தையை மந்திரித்துவிட்டு, மறுநாள் மயங்கிய நிலையில் நம் குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கி வருவோர் இன்றும் உண்டு.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். ஜாம்கேட்டுப் பெண்கள் கற்றவற்றுள் மிக எளியதும் மிகப் பல உயிர்களைக் காத்ததுமான ஒன்றை நீங்களும் அறிந்து வைத்திருங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இவ்வளவுதான். உப்பின் அளவு மிகுதல் கூடாது. வயிற்றுப்போக்கு தொடங்கிய உடனே இதைச் சிறுகச் சிறுக ஊட்டலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டா. கடையிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையிலிருந்தால் அதுவே நன்று. கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் குருதி கண்டாலோ, குழந்தை சோர்ந்து பருக மறுத்தாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

மீண்டும் ஜாம்கேட்டுக்கு வருவோம். இப்பெண்கள் தம் ஊரில் கருவுற்றவர் யார், எடை குறையும் குழந்தை எது, நெடுநாள் இருமுபவர் யார் என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். தூய கையும் புதிய கத்தித்தகடும் கொதிக்க வைத்த நூலும் கொண்டு பேறு பார்த்தார்கள். சிக்கல் வரும் எனத் தோன்றினால் முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தொழுநோயாளரைத் தொட்டுப் பேசினார்கள். காசநோயாளர் மருந்தை இடையில் விடாதவாறு நாள்தோறும் சென்று பார்த்தார்கள். தொடக்கத்தில் சில ஊர்களில் நடந்த இப்பணி, சில ஆண்டுகளுக்குள் முப்பது ஊர்களில் நாற்பதாயிரம் மக்களுக்கு எட்டியது.

விளைவு என்ன? திட்டத்தின் பதிவேடுகளின்படி, 1971-இல் அவ்வட்டாரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 176 குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் இறந்தன. ஐந்தே ஆண்டுகளில், 1976-இல், அவ்வெண் 52 ஆகக் குறைந்தது. 1996-இல் 26. ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு நாற்பது பேர் ஊட்டக்குறைவால் வாடிய நிலை மாறி, நூற்றுக்கு ஐந்தாயிற்று. எண்களைப் படித்துவிட்டு எளிதில் கடந்துவிடுகிறோம். 176-க்கும் 52-க்கும் இடையே நிற்பவை ஆயிரம் வீடுகளில் 124 தொட்டில்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் இதன் பொருள் விளங்கும். அவற்றைக் காத்தவர்களுள் பெரும்பாலோர்க்குத் தம் பெயரை எழுதத் தெரியாது.

மருத்துவமனை வேண்டாம் என்று ஆரோளே தம்பதியர் சொன்னதில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஜாம்கேட்டில் குறைந்த செலவில் மருத்துவமனையும் நடந்தது. கணவர் அறுவை செய்தார். இயற்கையாய்ப் பிறக்க இயலாத குழந்தைகள் அங்கே பிறந்தன. கால் இழந்தோர்க்குச் செயற்கைக் கால்கள் அங்கேயே செய்து பொருத்தப்பட்டன. ஊரிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பும்போது அவளை ஏற்க ஓர் இடம் இல்லையெனில், அனுப்பிய பணியாளரின் சொல்லுக்கு மதிப்பேது? அவர்கள் மறுத்தது வேறொன்றை. நலம் என்பது மருத்துவமனையில் உண்டாகி ஊருக்குச் செல்வது என்ற எண்ணத்தையே மறுத்தார்கள்.

எம்மையும் இது சுடுகிறது. உள்நோயாளியாயிருந்து வீடு திரும்புவோரிடம் மாத்திரைச் சீட்டை நீட்டி, “காலையில் ஒன்று, இரவில் ஒன்று” என்று அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கும் வழக்கம் எம்மிடமும் உண்டு. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணை நாள்தோறும் பார்க்கப்போவது அவருடைய மனைவியோ மகளோ மருமகளோதான். அவர்க்குக் கற்றுத்தராமல் நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்புவது பாதி மருத்துவம். வீட்டுக்குப் புறப்படுமுன் எந்தப் பகுதிச் செவிலியரிடமும் நீங்கள் தயங்காமல் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்வரை விளக்குவது அவர் கடமை.

இல்லறமும் பணியும்

இருவரில் எவர் எதைச் செய்தார் என்று பிரித்துக் காண்பது எளிதன்று. ஊர்ப் பெரியவர்களோடும் உழவர்களோடும் அரசு அலுவலர்களோடும் பேசியவர் பெரும்பாலும் ரஜினிகாந்த். பெண்களின் நடுவே அமர்ந்திருந்தவர் மேபல். ஆயினும் 1994-இல் வெளியான ஜாம்கேட் வரலாற்று நூலை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். 1979-இல் ரமோன் மகசேசே விருது இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. புகழ்பெற்ற ஆடவரின் பின்னே ஒரு பெண் இருப்பாள் என்று பேசுவது நம் வழக்கம். இங்கே முன்னும் பின்னும் இல்லை.

ஷோபா, ரவி என இரு மக்கள். வசதிகள் அரிதாயிருந்த அவ்வூரிலேயே அவர்களை வளர்த்தார்கள். பணிக்காகக் குடும்பத்தைத் துறந்த பெரியோர் பலரை நாம் போற்றுகிறோம். குடும்பத்தோடு சென்று வறண்ட ஊரில் வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். அதில் உள்ள கடினம் வேறு வகையானது. தமக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது, பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லும்போது கை நடுங்கும். மகள் ஷோபா மருத்துவம் பயின்று பெற்றோரின் பணியிலேயே இணைந்தார்.

ஜாம்கேட்டின் பட்டறிவு நெடுந்தொலைவு சென்றது. உலகச் சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட நூலொன்றில் இது ஓர் இயலாக இடம்பெற்றது. அனைவர்க்கும் ஆரம்ப நலவாழ்வு வேண்டும் என்று 1978-இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி அறிவித்தபோது, எடுத்துக்காட்டாக நின்ற முயற்சிகளுள் ஜாம்கேட்டும் ஒன்று. ரஜினிகாந்துக்கு 1990-இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 2005-இல் நம் நாட்டில் தொடங்கிய ஆஷா பணியாளர் திட்டத்தின் முன்னோடிகளுள்ளும் அந்த எழுத்தறியாப் பெண்கள் உண்டு. தமிழகத்தில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் பெயரில் வீடு தேடி வந்து குருதியழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தரும் பெண் தன்னார்வலர்களை உங்களுள் பலர் அறிவீர்கள். ஒன்றை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. பெருந்திட்டங்களில் இப்பெண்கள் மேலிடத்தின் கடைசிப் படிக்கட்டாக, எண்ணிக்கை நிரப்புவோராக ஆகிவிடும் இடர் எப்போதும் இருக்கிறது. ஜாம்கேட்டில் அவர்கள் தம் ஊருக்குப் பொறுப்பாளிகள்; மருத்துவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அப்பெண்களுள் ஒருவர் 1988-இல் வாசிங்டன் நகரில் மருத்துவ அறிஞர்கள் நிறைந்த அவையில் பேசினார். மேலே ஒளிர்ந்த சரவிளக்குகளைச் சுட்டிக்காட்டி, மருத்துவர்கள் இவற்றைப் போன்றவர்கள், அழகானவர்கள், ஆனால் விலை மிகுந்தவர்கள், எளியவர்க்கு எட்டாதவர்கள் என்னும் கருத்துப்படச் சொன்னார். பின்பு சிறு அகல் போன்ற திரிவிளக்கொன்றை எடுத்து, தம்மைப் போன்றவர் இத்தகையோர் என்றார். சரவிளக்கு இன்னொரு விளக்கை ஏற்றாது, இது ஏற்றும். அவை எழுந்து நின்று கைதட்டியது. ஊரில் நாவெழாதிருந்த ஒரு பெண்ணை இவ்வாறு பேச வைத்ததை நினைக்கும்போது, அத்தம்பதியர் பெற்ற விருதுகளெல்லாம் எமக்குச் சிறியவையாகவே தெரிகின்றன.

பிற்காலத்தில் மேபல் யுனிசெப் அமைப்பின் தெற்காசியப் பணியிலும் பங்காற்றினார். 1999-இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒவ்வொரு முடிவையும் இருவராய் எடுத்துப் பழகியவர் தனித்து நின்றார். ஆயினும் பணி நிற்கவில்லை. ஊர்நலத் திட்டங்களை வகுக்கும் குழுக்களில் அரசுக்கு அறிவுரை கூறினார், உலகின் பல பகுதிகளிலிருந்து கற்க வந்தவர்களுக்குக் கற்பித்தார். 2011 மே 25 அன்று அவரும் மறைந்தார். அதன்பின் பொறுப்பை ஏற்றவர் மகள் ஷோபா. தம் ஊரில் அவ்வாரம் பிறந்த குழந்தையின் எடையையும், இருமல் நிற்காத முதியவரின் நிலையையும் மனத்தில் ஏந்தி ஜாம்கேட்டுக்கு வந்து சேரும் பெண்களுள், மேபல் அம்மையாரிடம் நேரில் பயின்று தலை நரைத்தவர்களும், அவர்கள் கைபிடித்து அழைத்து வந்த இளையவர்களும் இருந்தார்கள்.